ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் எண் எப்படிப் பிறக்கிறது? நீல நிறத்தை அளந்த யெல்லப்ரகட சுப்பாராவின் கதை

ஆபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லும் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் உங்கள் மெயிலில் எங்காவது கிடக்கும். அதைத் திறந்து பாருங்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் என்று நீளும் பட்டியலில் சில ரிப்போர்ட்டுகளில் பாஸ்பரஸ் என்றும் ஒரு வரி இருக்கும். 3.6 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே 2.5 முதல் 4.5 வரை இயல்பு என்று போட்டிருப்பார்கள். எண் அதற்குள் இருக்கா, சரி, அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

அந்த 3.6 எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸை எந்த மெஷினும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. தன் வழியாகப் போன வெளிச்சத்தில் எவ்வளவு குறைந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தக் குறைவை மில்லிகிராமாக மாற்ற, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு கரைசலோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டுக்குப் பெயர்தான் காலிப்ரேஷன்.

பாஸ்பரஸுக்கு இந்த ஒப்பீட்டை நம்பகமாகச் செய்யும் வழியை 1925இல் இரண்டு பேர் வெளியிட்டார்கள். ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் சைரஸ் ஃபிஸ்கே. இன்னொருவர் ஆந்திராவில் பிறந்து, சென்னையில் படித்து, கையில் காசில்லாமல் பாஸ்டனில் போய் இறங்கிய யெல்லப்ரகட சுப்பாராவ். உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயர் பழக்கமாக இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பலருக்கும் தெரியாது.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இன்றைக்கு ஆந்திராவில் இருக்கும் இந்த ஊர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. வசதியான குடும்பம் இல்லை. பதின்மூன்று வயது வாக்கில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவது திட்டம். அம்மா வெங்கம்மா பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார்.

படிப்பும் சுலபமாக வரவில்லை. சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். நடுவில் ராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவியாகும் எண்ணம் வந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்யாணமும் ஆனது. மனைவி சேஷகிரியின் அப்பா படிப்புச் செலவில் கைகொடுத்தார்.

அது காந்தியின் பேச்சைக் கேட்டு இளைஞர்கள் கதருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். சுப்பாராவும் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. மற்ற தாள்களை நன்றாக எழுதியும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிட ஒரு படி குறைவான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு அரசு மருத்துவப் பணிக்குள் நுழைய முடியவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கப் போனார்.

இதற்கிடையில் வீட்டில் பெரிய இடி. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம் ஸ்ப்ரூ என்ற நோய். குடல் சத்துகளை உறிஞ்ச முடியாமல் போய், வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக ஆளை உருக்கிவிடும். அன்று அதற்கு மருந்து கிடையாது. ஸ்ப்ரூ என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

1923 அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டனில் இறங்கினார். மாமனாரின் உதவியும் நன்கொடைகளும்தான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். சோற்றுக்காக ஒரு மருத்துவமனையில் இரவு வேலை, நோயாளிகளின் மூத்திரப் பாத்திரம் கழுவுவது உட்பட. பட்டயப் படிப்பு முடிந்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறைக்குள் நுழைந்தார்.

நிறத்தை வைத்து எடை போட முடியுமா?

அந்தத் துறையின் தலைவர் ஓட்டோ ஃபோலின், ஸ்வீடனில் பிறந்த அமெரிக்கர். ரத்தத்திலும் சிறுநீரிலும் என்ன எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பதில் அவர் முன்னோடி. கிரியாட்டினினுக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் அவர் வகுத்த முறைகள் பல பத்தாண்டுகள் மருத்துவமனைகளில் புழங்கின.

அடிப்படை ரொம்ப எளிது, உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாக்ஷனையும் இரண்டாவது டிகாக்ஷனையும் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எது கெட்டி என்று நாக்கில் வைக்காமலே சொல்லிவிடலாம். கரைந்திருக்கும் பொருள் கூடக்கூட, ஊடுருவி வரும் வெளிச்சம் குறையும். டம்ளர் அகலமானாலும் வெளிச்சம் குறையும், ஏனென்றால் ஒளி கடக்க வேண்டிய தூரம் அதிகம். தூரத்துக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள தொடர்பை யோஹான் லாம்பர்ட் 1760இல் எழுதினார். செறிவுக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள தொடர்பை அகஸ்ட் பியர் 1852இல் காட்டினார். பிளஸ் டூவிலோ கல்லூரியிலோ நீங்கள் படித்திருக்கக்கூடிய பியர்-லாம்பர்ட் விதி இதுதான்.

1920களில் ஃபோலினின் ஆய்வகத்தில் இன்றைய ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கிடையாது. டுபோஸ்க் நிறமானி என்ற கருவிதான் இருந்தது. இரண்டு கண்ணாடிக் கோப்பைகள். ஒன்றில் அளவு தெரிந்த கரைசல், அதாவது ஸ்டாண்டர்டு. இன்னொன்றில் அளவு தெரியாத சாம்பிள். மேலேயிருந்து ஒரு கண்ணால் பார்த்தால் இரண்டு நிறமும் அரைவட்டம் அரைவட்டமாகப் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். திருகைத் திருப்பி ஒளி கடக்கும் ஆழத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டும் ஒரே நிறமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஸ்டாண்டர்டு 20 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்க, சாம்பிள் 16 மில்லிமீட்டரிலேயே அந்த நிறத்தைக் கொடுத்துவிட்டால், சாம்பிள் ஸ்டாண்டர்டைவிட 1.25 மடங்கு கெட்டி என்று அர்த்தம். கணக்கு அவ்வளவுதான்.

ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையில் என்ன புதுசு?

பாஸ்பேட்டுக்குச் சொந்த நிறம் கிடையாது, தண்ணீர் மாதிரி இருக்கும். அதனால் அதை நிறமுள்ள ஒன்றாக மாற்ற வேண்டும். அமிலத்தில் அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்தால் பாஸ்பேட் அதனோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கூட்டை ஒரு ஒடுக்கியால் ஒடுக்கினால் அழகான நீலம் வரும். எவ்வளவு பாஸ்பேட்டோ அவ்வளவு நீலம்.

இந்த வேதியியல் முன்பே தெரிந்ததுதான். சிக்கல் ஒடுக்கியில் இருந்தது. பழைய முறைகளில் நிறம் மெதுவாக வந்தது, வந்ததும் நிலைத்து நிற்கவில்லை. ஸ்டாண்டர்டின் நீலம் ஒரு வேகத்தில் மாற, சாம்பிளின் நீலம் வேறு வேகத்தில் மாறினால் எதை எதோடு ஒப்பிடுவது? ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அமினோநாப்தால் சல்ஃபோனிக் அமிலம் என்ற ஒடுக்கியைக் கொண்டுவந்தார்கள். நீலம் சில நிமிடங்களில் வந்தது, நம்பி அளக்கிற அளவுக்கு நின்றது. 1925இல் கட்டுரை வெளியானது. இன்றும் உயிர்வேதியியல் பிராக்டிகல் வகுப்புகளில் மாணவர்கள் அதே நீலத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இன்று இதை எப்படிச் செய்கிறார்கள்?

கண்ணுக்குப் பதில் ஒளியுணர் கருவி வந்துவிட்டது. அர்னால்டு பெக்மனின் நிறுவனம் 1940களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இந்த வேலையை அடியோடு மாற்றியது. ஆனால் ஒப்பிடும் தர்க்கம் டுபோஸ்க் காலத்தில் இருந்த அதே தர்க்கம்தான்.

முதலில் கருவியையே சோதிக்க வேண்டும். 660 நானோமீட்டர் என்று திரையில் காட்டினால் உள்ளே நிஜமாகவே அந்த அலைநீளம்தான் போகிறதா என்று பார்க்க ஹோல்மியம் ஆக்சைடு வடிகட்டி உண்டு. அது எந்தெந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் என்பது துல்லியமாகத் தெரியும். உறிஞ்சல் அளவு சரியா என்று பார்க்கப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலைப் பயன்படுத்துவார்கள்.

அடுத்தது அலைநீளம். நீலக் கரைசல் நமக்கு நீலமாகத் தெரிவதே அது சிவப்பை விழுங்குவதால்தான். எனவே சிவப்புப் பகுதியில், வழக்கமாக 660 நானோமீட்டரில் அளப்பார்கள். நீல ஒளியை அனுப்பினால் அது பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், ஒன்றும் தெரியாது.

பிறகு பிளாங்க். பாஸ்பேட் தவிர மற்ற எல்லாம் கலந்த கரைசல் இது. இதை வைத்துக் கருவியைச் சுழியத்துக்குக் கொண்டுவருவார்கள். கண்ணாடிக் குவெட்டும் மற்ற ரசாயனங்களும் தின்னும் வெளிச்சத்தைக் கணக்கிலிருந்து கழிக்கத்தான் இது. தராசில் காலிப் பாத்திரத்தை வைத்துச் சுழியம் போடுகிற அதே வேலை.

அதன் பிறகு ஸ்டாண்டர்டுகள். சுத்தமான பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை எடைபோட்டுக் கரைத்து, படிப்படியாக நீர்த்து நான்கைந்து கரைசல் செய்வார்கள். ஒரு கணக்குக்கு, மில்லிலிட்டருக்கு 1, 2, 3, 4 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி 0.12, 0.24, 0.36, 0.48 என்று காட்டுகிறது. கிராஃபில் போட்டால் நேர்கோடு. இதுதான் ஸ்டாண்டர்டு கர்வ். ஒரு மைக்ரோகிராமுக்கு 0.12 என்பது அன்றைக்கு அந்தக் கருவியின் சாய்வு.

இப்போது சாம்பிள். இருபது மடங்கு நீர்த்த ஒருவரின் ரத்தச் சீரம் 0.216 காட்டுகிறது. 0.12ஆல் வகுத்தால் 1.8. இருபதால் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 36 மைக்ரோகிராம். ரிப்போர்ட்டில் எழுதும் அலகுக்கு மாற்றினால் 100 மில்லிலிட்டருக்கு 3.6 மில்லிகிராம். மேலே பார்த்த எண் இப்படித்தான் பிறக்கிறது. இன்றைய தானியங்கி மெஷின்களில் பல, நீல நிறம் வரும்வரை காத்திராமல் மாலிப்டேட் கூட்டையே புறஊதா ஒளியில் அளந்துவிடுகின்றன. ஆனாலும் பிளாங்க், ஸ்டாண்டர்டு, சாம்பிள் என்ற வரிசை மாறவில்லை.

எங்கே தப்பு நடக்கும்? உறிஞ்சல் 1 என்றால் அனுப்பிய வெளிச்சத்தில் 10 சதவீதம்தான் வெளியே வருகிறது. 2 என்றால் வெறும் 1 சதவீதம். அங்கே கருவி கிட்டத்தட்ட இருட்டில் தடவுகிறது. சாம்பிள் 1.8 காட்டினால் கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டி விடை சொல்லக் கூடாது. நீர்த்து, மறுபடியும் அளக்க வேண்டும். பாஸ்பேட் கலந்த சோப்பில் கழுவிய சோதனைக்குழாய் இல்லாத பாஸ்பேட்டைக் காட்டும். ஆர்செனேட்டும் சிலிகேட்டும்கூட இதே மாதிரி நீலம் கொடுக்கக்கூடியவை. முந்தா நாள் போட்ட கர்வை வைத்து இன்றைய சாம்பிளைப் படிப்பதும் ஆபத்துதான். ரசாயனம் பழசாகியிருக்கலாம், விளக்கு மங்கியிருக்கலாம்.

ஸ்டாண்டர்டோடு ஒத்துப்போகாத நீலம்

சரி, வெறும் அளவை முறைதானே, இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். சுப்பாராவின் வாழ்க்கையில் அடுத்து நடந்தது அதற்குப் பதில்.

முறை கையில் வந்ததும் இருவரும் தசையை ஆராயத் தொடங்கினார்கள். தசையிலிருந்து எடுத்த வடிநீரில் பாஸ்பேட் எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. ஸ்டாண்டர்டில் நீலம் வழக்கம்போல் சில நிமிடங்களில் வந்து நின்றது. தசை வடிநீரிலோ நிற்கவில்லை. நிமிடங்கள் போகப் போக நீலம் கூடிக்கொண்டே இருந்தது.

அவசரக்காரர்களாக இருந்தால் சாம்பிள் கெட்டுப்போச்சு என்று கொட்டியிருப்பார்கள், இல்லையென்றால் ஏதோ ஒரு நேரத்தில் அளந்து எண்ணை எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் இவர்களுக்குத் தங்கள் ஸ்டாண்டர்டு மேல் நம்பிக்கை இருந்தது. ரசாயனம் சரி, கருவி சரி, பிளாங்க் சரி என்றால், வித்தியாசம் தசையில்தான் இருக்க வேண்டும். தசைக்குள் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, அமிலமும் மாலிப்டேட்டும் பட்டதும் உடைந்து, பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நீலம் மெல்லக் கூடுவதற்கு அதுதான் காரணம்.

அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியாட்டின். 1927இல் அறிவித்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் தனியாக இதே பொருளின் தடயத்தைக் கண்டார்கள். அதுவரை தசைச் சுருக்கத்துக்கு மையம் லாக்டிக் அமிலம் என்று நம்பியிருந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசும் போயிருந்தது. பாஸ்போகிரியாட்டின் வந்ததும் அந்தப் படமே மாறத் தொடங்கியது. ஜிம்மில் கிரியாட்டின் பவுடர் கலக்கிக் குடிக்கும் நண்பர் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்தப் பவுடர் உடம்புக்குள் போய் நிரப்பப் பார்ப்பது இந்த பாஸ்போகிரியாட்டின் இருப்பைத்தான்.

1929இல் இருவரும் தசையிலிருந்து இன்னொரு பொருளைப் பிரித்து அறிவித்தார்கள். அதுதான் ஏடிபி. உயிருள்ள எல்லா செல்களும் சக்திக்குப் புழங்கும் சில்லறைக் காசு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். பிரித்தெடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பாஸ்பேட் எவ்வளவு வந்தது, எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டிய ஆராய்ச்சி இது. வேகமான, நம்பகமான அளவை இல்லாமல் நடந்திருக்காது.

கண்டுபிடித்தும் நிரந்தர வேலை இல்லை

1930இல் சுப்பாராவுக்கு ஹார்வர்டு பிஎச்.டி. பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருட்களை மற்றவர்கள் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும், ஃபிஸ்கேயின் பொறாமையே அதற்குக் காரணம் போலத் தெரிகிறது என்றும், அங்கேயே படித்துப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் தன்னை முன்னிறுத்தும் ஆளும் இல்லை.

1940இல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வகத்துக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவுக்கு இயக்குநர் ஆனார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் தலைமையில் நடந்தவை ஒரு முழு வாழ்நாளுக்குப் போதும்.

1945இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கு இந்த வைட்டமின் மருந்தாக வந்து சேர்ந்தது. அவர்கள் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பதும் இதே ஃபோலிக் அமிலம்தான்.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் காட்டி செல்லை ஏமாற்றும் பொருட்களையும் குழு தயாரித்தது. அப்படி வந்த அமினோப்டெரினை பாஸ்டனில் குழந்தை மருத்துவ நோயியலாளர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று 1948இல் எழுதினார். அதன் தம்பி மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் எழுதப்படுகிறது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் ஆன்டிபயாடிக்கான ஆரியோமைசினை பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்ததும் இதே ஆய்வகத்தில்தான். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கொடுத்த டிஇசி மாத்திரையும் இங்கிருந்து வந்ததுதான்.

1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. சில வருஷத்தில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லி 1923இல் கிளம்பியவர், ஊருக்குத் திரும்பவே இல்லை. சேஷகிரி இங்கேதான் இருந்தார். கணவரை அதன் பிறகு அவர் பார்க்கவில்லை.

ஏன் பலருக்குத் தெரியவில்லை?

நோபல் பரிசு வரவில்லை. மருந்துகள் நிறுவனத்தின் பெயரிலும், கட்டுரைகள் பெரும்பாலும் குழுவில் இருந்த மற்றவர்கள் பெயரிலும் வெளியாயின. உயிரோடு இருந்தவரை மேடை தேடியவரும் இல்லை. நூற்றாண்டு வந்த 1995இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெரிய மருந்துகள் பலவற்றில் அவர் பெயர் இல்லை. அளக்கும் முறையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வேலை ஆய்வகத்தில் இல்லாமல் இருக்கலாம். டேட்டா, கோடிங், ஃபைனான்ஸ் என்று எதுவாக இருந்தாலும், டாஷ்போர்டில் ஒரு எண் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும் நாள் வரும். அந்த எண்ணை உடனே தூக்கி எறியவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். முதலில் பிளாங்கும் ஸ்டாண்டர்டும் சரியா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், அந்த சாம்பிளோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். 1927இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் செய்தது அதைத்தான்.